மலையாளப் படத்தின் தரம் இறங்கிவிட்டதா? கடலோர ஊரில் திரையிட்டுப் பார்க்கும் முறை

"மலையாளப் படம் முன்ன மாதிரி இல்லை" என்ற பேச்சு ராமநாதபுரம் கரையில் தொண்டி முதல் மூக்கையூர் வரை டீக்கடைகளில் கேட்கிறது. அப்படிச் சொல்கிற பலரும் பார்த்தது கைபேசித் திரையில், தமிழ்க் குரல் கொடுத்த பிரதியை. அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை என்று ஊரே உட்கார்ந்து பார்க்க எட்டு மாலைகள் போதும். ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை நீளும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் இதற்குத் தோதானது. விசைப்படகுகள் கரையில் நிற்கும், பிள்ளைகளுக்கும் விடுமுறை வரும்.

படத் தேர்வில்தான் பெரும்பாலும் சறுக்கல் நடக்கிறது. பழையதில் சிறந்ததையும் புதியதில் கைக்குக் கிடைத்ததையும் எதிரெதிரே வைத்தால் பழையதுதான் ஜெயிக்கும். 1980-களின் சாதாரணப் படங்களை இன்று யாரும் தேடுவதில்லை. பத்மராஜன், பரதன், கே.ஜி. ஜார்ஜ் போன்ற இயக்குநர்களின் படங்களே காலத்தின் சல்லடையில் மிஞ்சியிருக்கின்றன. புதியவற்றை அந்தச் சல்லடை இன்னும் தொடவே இல்லை. 2024-ல் ஏறத்தாழ 200 மலையாளப் படங்கள் வெளியாயின. அவற்றில் லாபம் கண்டவை 26 என்று தயாரிப்பாளர் சங்கமே சொன்னது. நம் கரைக்கு வந்து பேசப்பட்டவை 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 'பிரேமலு' என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். கண்ணி பெரிய வலையின் மீன்பாட்டையும் சின்னக் கண்ணி வலையின் பாட்டையும் ஒரே தராசில் வைத்த கதைதான் இது.

அதனால் ஒரே பொருளைத் தொட்ட பழையதும் புதியதுமாக இணை போடுங்கள். இந்தக் கரைக்குப் பொருந்துகிற நான்கு இணைகள் உண்டு. முதல் இணை 'செம்மீன்' (1965), 'கும்பளங்கி நைட்ஸ்' (2019). இரண்டும் மீன்பிடிக் குடும்பங்களின் கதை, இடையில் 54 ஆண்டு. இரண்டாவது குற்ற விசாரணை: 'யவனிகா' (1982), 'திருஷ்யம்' (2013). மூன்றாவது பழைய வீடும் அச்சமும்: 'மணிச்சித்திரத்தாழ்' (1993), 'பிரமயுகம்' (2024). நான்காவதில்தான் ரசனை மாறியது பளிச்சென்று தெரியும். 'நரசிம்ஹம்' (2000) படத்தின் நாயகன் மீசையை முறுக்கினால் ஊர் அடங்கும். 'மகேஷின்டே பிரதிகாரம்' (2016) படத்தின் நாயகன் நடுத்தெருவில் அடிவாங்கிவிட்டு, திருப்பி அடிக்கும்வரை செருப்புப் போடமாட்டேன் என்கிறான். வீறாப்பு இரண்டிலும் உண்டு, அதைப் படம் எடுத்துக்கொள்ளும் விதம் வேறு.

'திருஷ்யம்' போடும் அன்று, அதன் தமிழ் வடிவமான 'பாபநாசம்' பார்த்தவர்களைத் தொடங்கும் முன்பே கை தூக்கச் சொல்லி எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். 'மணிச்சித்திரத்தாழ்' அன்று 'சந்திரமுகி' பார்த்தவர்களையும் அப்படியே. முடிச்சு தெரிந்தவருக்கு வரும் சலிப்பைப் படத்தின் குறையாக எழுதிவிடக் கூடாது. இந்த எட்டுக்கு வெளியே 'அங்கமாலி டைரீஸ்' நல்ல படம், ஆனால் அதன் பேச்சு வேகத்துக்குப் புதிதாக வருபவர்களால் ஈடுகொடுக்க முடியாது. அதைச் சேர்க்க நினைத்தால் முதல் வாரத்தில் வைக்காதீர்கள்.

தமிழ்க் குரல் பிரதி வேண்டாம். பேச்சின் ஊர்வாசனை போய்விட்டால் தரத்தைப் பற்றிப் பேச மிச்சம் அதிகம் இல்லை. மூல ஒலியோடு தமிழ் வசனவரி (சப்டைட்டில்) போடுங்கள்: இரண்டு வரிக்கு மேல் போகாமல், ஒவ்வொன்றும் குறைந்தது இரண்டு விநாடி நிற்கும்படி. வசனவரிக் கோப்பை யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்காவிட்டால் எழுத்துக்குப் பதில் கட்டங்கள்தான் வரும். படம் தொடங்கும் முன் நாலைந்து சொற்களைச் சொல்லிவிடுவது நல்லது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர், பட்டி என்றால் நாய், சம்சாரம் என்றால் பேச்சு. இதைச் சொல்லாமல் விட்டால் அழவேண்டிய காட்சியில் சிரிப்பு வரும்.

உரிமைதாரரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். ஓடிடி சந்தா வீட்டுக்குள் பார்ப்பதற்குத்தான், திடலில் போட அது செல்லாது. ஒலிபெருக்கிக்குக் காவல் நிலைய அனுமதி தனி, இரவு 10 மணிக்கு மேல் அதுவும் கிடையாது. ஏழு மணிக்கு இருட்டியதும் தொடங்கினால் பெரும்பாலான படங்கள் ஒன்பதரை வாக்கில் முடியும். 'மணிச்சித்திரத்தாழ்' நீளமானது. அன்று படம் முடிந்தபின் ஊர் கூடிப் பேசும் பேச்சை மறுநாள் மாலைக்குத் தள்ளுங்கள்.

இடத்துக்கு வலைபின்னும் கூடம் கிடைத்தால் விடாதீர்கள். கூரையும் தூணும் இருப்பதால் பாதி வேலை மிச்சம். திறந்த திடல் என்றால் காற்றுதான் எதிரி. 12 அடி அகலம், 6 அடி 9 அங்குல உயரமுள்ள துணி பாய்மரத்துக்குச் சமம். மே மாதம் கச்சான் காற்று எழும்பிவிட்டால் மூங்கிலையே சாய்த்துவிடும். கச்சான் மேற்கிலிருந்து வருவதால் திரை வடக்கையோ தெற்கையோ பார்க்கட்டும். அப்போது காற்று துணியின் முகத்தில் மோதாமல் பக்கவாட்டில் ஓடும். துணிக்குப் பின்னால் பழைய நைலான் வலை ஒன்றை இழுத்துக் கட்டி, அதன் மேல் துணியை அடிக்கு ஒரு முடிச்சாகத் தைத்துவிட்டால் படபடப்பு அடங்கும். வெள்ளையடித்த சுவர் இருந்தால் துணியே வேண்டாம், எண்ணெய்ப் பெயின்ட் சுவர் மட்டும் ஆகாது, பளபளக்கும்.

இந்த அகலத்துக்கு 3000 லூமென் வெளிச்சமுள்ள புரொஜெக்டர் வேண்டும். பெரும்பாலானவற்றுக்கு 18 அடி தூரம் சரியாக இருக்கும். கடற்காற்றின் உப்பு லென்ஸில் படலமாகப் படியும். மணலும் அதோடு சேர்ந்திருப்பதால் நேரே துடைத்தால் கீறல் விழும். முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு மென்துணியால் ஒற்றி எடுங்கள். ஜெனரேட்டரைக் காற்று போகிற பக்கமாக 100 அடி தள்ளி வையுங்கள்.

வசனமே கேட்கவில்லை, பாட்டு மட்டும் முழங்குகிறது என்றால் ஸ்பீக்கரைக் குறை சொல்லாதீர்கள். பல சேனல்களாகப் பிரித்த 5.1 ஒலியில் பேச்சு நடுச் சேனலில் இருக்கும். இரண்டு ஸ்பீக்கரில் போடும்போது பிளேயரின் ஒலி அமைப்பை ஸ்டீரியோவுக்கு மாற்றாவிட்டால் அந்தச் சேனல் அப்படியே விடுபட்டுப் போகும். ஸ்பீக்கர்களை உட்கார்ந்திருப்பவர்களின் தலைக்கு மேலே ஏழடி உயரத்தில், சற்றுக் கீழ்நோக்கிச் சாய்த்து நிறுத்துங்கள்.

இனி குறிப்பெடுப்பது. ஒருவர் திரையைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தை மட்டும் பார்க்க வேண்டும். 20 நிமிடத்துக்கு ஒருமுறை தலை எண்ணிக்கை, எந்தக் காட்சியில் கைபேசி வெளிச்சம் கூடியது, எங்கே பேச்சு நின்றது, இவ்வளவுதான் அவர் வேலை. வாய் சொல்வதும் உடம்பு செய்வதும் பல நேரம் வேறாக இருக்கும். ஆனால் எட்டரைக்குச் சோறாக்க எழுந்து போகிற பெண்ணையும், விடியலில் நாட்டுப்படகு இறக்கப்போகிறவரையும் "படம் பிடிக்காமல் போனவர்" கணக்கில் சேர்த்துவிடாதீர்கள். எழுந்தவரிடம் மறுநாள் காரணத்தைக் கேட்டு அருகிலேயே எழுதுங்கள்.

இன்னொருவர் திரையைப் பார்த்து மூன்று விஷயங்களைக் குறிக்கட்டும். இந்த ஆள் என்ன வேலை செய்து பிழைக்கிறார் என்பது எத்தனையாவது நிமிடத்தில் தெரிந்தது? நாயகனைத் தவிர எத்தனை பேர் தாமாக ஒரு முடிவு எடுத்தார்கள்? பின்னணி இசையை நிறுத்தி இரண்டு நிமிடம் போட்டால் அந்தக் காட்சி நிற்கிறதா? மூன்றாவதை மறுநாள் தனியாகச் செய்யுங்கள், முதல் பார்வையைக் கெடுக்க வேண்டாம். நல்ல மலையாளப் படத்தின் பலம் முதலிரண்டு கேள்விகளில்தான் இருந்தது. அண்மைப் படங்கள் பலவற்றில் துணைப்பாத்திரங்கள் மெலிந்து, அந்த இடத்தை இசையும் வெட்டுக்குத்தும் நிரப்புகின்றன என்பது எங்கள் கணிப்பு. பெருந்தொற்றின்போது ஓடிடி நிறுவனங்கள் தாராளமாக வாங்கிய சிறிய படங்களுக்கு இப்போது அந்த விலை கிடைப்பதில்லை. உச்சிப் படங்கள் இன்றும் வருகின்றன, நடுவில் இருப்பவைதான் சோர்ந்திருக்கின்றன. இது முதல் சரிவும் அல்ல. 2000-ஐ ஒட்டி மலிவான கவர்ச்சிப் படங்கள் கேரளத்துத் திரையரங்குகளை நிரப்பின. 2011-ல் 'டிராஃபிக்' வந்த பிறகுதான் காற்று மாறியது.

படம் முடிந்தபின் நடக்கும் பேச்சில் முதல் வார்த்தையைப் பெண்களுக்குக் கொடுங்கள், 'செம்மீன்' அன்று கட்டாயமாக. கரையில் இருக்கும் மனைவியின் ஒழுக்கம்தான் கடலில் கணவனைக் காக்கும் என்ற நம்பிக்கையில் நிற்கும் படம் அது. ஆண்கள் தொடங்கினால் படகும் சுறாவும் சரியாகக் காட்டப்பட்டதா என்பதிலேயே நேரம் போய்விடும். அதுவும் தேவையான பேச்சுதான், இரண்டாவதாக வரட்டும்.

எட்டு மாலையின் குறிப்புகளையும் படத்தின் பெயர், நாள், காற்று, தலை எண்ணிக்கையோடு ஒரே ஏட்டில் ஒட்டி, பாலித்தீன் உறையில் போட்டுப் படிப்பகத்தில் வையுங்கள், உப்புக்காற்றில் தாள் நமுத்துப்போகும். அடுத்த தடைக்காலத்தில் இந்த இணைகளில் ஒன்றை மறுபடி போட்டு, போன வருடம் கூட்டம் எழுந்த இடத்தோடு ஒத்துப்பாருங்கள்.