புடவைக் கடைக்குப் புதிதாக வந்தவருக்குத் துணி பழக்கும் ஆட்டங்கள்

புதிதாகச் சேர்ந்தவரிடம் சரக்குப் பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொன்னால் பெயர் நிற்கும், துணி நிற்காது. செல்போன் வினாடி வினாவும் அப்படித்தான். எந்த மாடியில் என்ன இருக்கிறது, மாற்றிக் கொடுக்கும் விதி என்ன என்பதற்கு அது போதும். துணியைக் கைதான் படிக்க வேண்டும்.

6 முதல் 8 பேர், கூட்டமில்லாத வார நாள் பிற்பகல், 40 நிமிடம். ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளி நெருக்கத்திலும் தொடங்க வேண்டாம்.

கண்கட்டு ஆட்டம்

டேமேஜ் பீஸ்களிலிருந்து 15 சென்டிமீட்டர் சதுரத்தில் 8 துண்டு வெட்டுங்கள்: பட்டு, ஆர்ட் சில்க் (செயற்கைப் பட்டு), டசர் (காட்டுப் பட்டு), காட்டன், பாலிகாட்டன், லினன், கிரேப், ஷிஃபான். ஓரங்களை மடித்துத் தைத்துவிடுங்கள். இல்லையென்றால் பிசிறை நெருடியே விடை சொல்லிவிடுவார்கள்.

துண்டுக்கு 30 விநாடி. பெயருக்கு 1 மதிப்பெண், காரணத்துக்கு 2. கவுண்டரில் கேட்கப்படுவது காரணம்தான்: "இது பட்டுன்னு எப்படிம்மா சொல்றீங்க?" பட்டைக் கசக்கினால் மெல்லிய சரசரப்பு கேட்கும். லினனில் நூல் தடித்தும் மெலிந்தும் ஓடும். கிரேப்பின் சொரசொரப்பு, நூலை இறுக முறுக்கியதால் வருவது.

தொட்டுத் தொட்டே துண்டுகள் துவண்டுவிடும். எந்தத் துண்டு எது என்பதும் பழகிவிடும். 15 நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

நூலை எரித்து விடை சரிபார்த்தல்

இதைப் பயிற்சி கொடுப்பவர் மட்டும், கடைக்கு வெளியே, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு செய்ய வேண்டும். 5 சென்டிமீட்டர் நூலை இடுக்கியில் பிடித்து எரியுங்கள். பட்டு, முடி கருகும் வாசனை தரும். சாம்பல் விரலில் நொறுங்கும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். காட்டன் காகிதம்போல எரியும்.

பலரும் சறுக்குவது இங்கேதான். "மணி வரவில்லை, எனவே பட்டு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். விஸ்கோஸில் (மரக்கூழிலிருந்து எடுக்கும் நூல்) நெய்த ஆர்ட் சில்க்கும் மணியாகாது, காட்டனைப் போலத்தான் எரியும். பாவு (நீளவாக்கு நூல்) பட்டாகவும் ஊடை (குறுக்கு நூல்) பாலியெஸ்டராகவும் நெய்த புடவைகளும் உண்டு. ஆகவே பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று என இரண்டு நூல் உருவ வேண்டும்.

வாடிக்கையாளர் அட்டை

20 அட்டை எழுதுங்கள். ஒருவர் ஓர் அட்டையோடு வாடிக்கையாளராக வர, இன்னொருவர் விற்க வேண்டும். முன்பக்கம்: "நிச்சயதார்த்தம், 8,000 ரூபாய்க்குள், கனமில்லாமல்." பின்பக்கம் வாயைத் திறந்து சொல்லாத ஒன்று: "மாமியாருக்கு எடுக்கிறேன், அவர் பட்டு உடுத்தமாட்டார்." விற்பவருக்கு 3 நிமிடம், மூன்றே புடவை. பின்பக்கத்தைக் கேள்வி கேட்டு வெளியே கொண்டுவந்தால் 5 மதிப்பெண். எடுத்த எடுப்பில் பத்துப் புடவையைப் பிரித்துப்போடும் பழக்கம் இதில்தான் அடங்கும்.

டெஸ்டட் ஜரியை அசல் ஜரி என்று சொன்னால் 5 கழியுங்கள். அசலில் பட்டு நூலைச் சுற்றியிருப்பது பொன் முலாம் பூசிய வெள்ளி, டெஸ்டடில் செம்பு. இந்த ஒரு தவறை மட்டும் சிரித்துக் கடந்துவிடாதீர்கள்.

முதல் நாள் சீனியர் விற்கட்டும், புதியவர் வாடிக்கையாளராக வரட்டும். மாற்றிச் செய்தால் சீனியர்கள் கிண்டலில் இறங்குவார்கள், புதியவர் வாயே திறக்கமாட்டார். மதிப்பெண் பட்டியலைச் சுவரில் ஒட்டாமல் நோட்டில் வைத்துக்கொள்ளுங்கள். 3ஆம் நாளும் 10ஆம் நாளும் அதே ஆட்டங்களை ஆடவைத்து, இரண்டு முறையும் தவறிய துணி எதுவோ அந்த செக்ஷனில் அவரை ஒரு வாரம் நிறுத்துங்கள்.