தை, மாசியில் ஊருக்கு வருபவர்கள் இரவிகுளம் போகுமுன்

செட்டிநாட்டுக்காரர்கள் வெளிநாட்டிலிருந்து வருவது பெரும்பாலும் தை, மாசியில்தான். நாட்டரசன்கோட்டை செவ்வாய்ப் பொங்கல், முன்னோர்க்குப் படைப்பு, கல்யாணம் என்று வரிசையாக இருக்கும். வந்த கையோடு பிள்ளைகளுக்கு மூணாறு காட்டலாம் என்று காரும் பேசிவிடுவார்கள். போனால் இரவிகுளம் தேசியப் பூங்கா பூட்டியிருக்கும். வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சை ஒட்டி மூடிவிடுவது வழக்கம். திறந்திருக்கிறதா என்று கேரள வனத்துறைத் தளத்தில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். டிசம்பர் பள்ளி விடுமுறையில் வருபவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை.

காரைக்குடியிலிருந்து மதுரை, தேனி, போடி வழியாக ஏறக்குறைய 250 கிலோமீட்டர். போடிமெட்டு ஏற்றத்தில் 17 கொண்டை ஊசி வளைவுகள். அப்பத்தாவும் கூட வந்தால் போடியில் வயிறு முட்டச் சாப்பிட வைக்காதீர்கள். ஓரிரவு மூணாறில் தங்கியே தீர வேண்டும்.

சொந்த வண்டி உள்ளே போகாது. வனத்துறைப் பேருந்தில்தான் பூங்காவின் ராஜமலைப் பகுதிக்கு ஏற வேண்டும். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கானது) வைத்திருப்பவர்களுக்குத் தேசியப் பூங்காக்களில் இந்தியர் கட்டணம்தான். அசல் அட்டையைப் பெட்டியில் பூட்டிவைத்துவிட்டு வராதீர்கள்.

மேலே மரமே இல்லாத புல்வெளி, மலை மடிப்புகளில் மட்டும் குட்டையான சோலைக்காடு. எதிரே 2,695 மீட்டர் ஆனைமுடி. இமயமலைக்குத் தெற்கே இதைவிட உயரமில்லை. வரையாடு நம் மாநில விலங்கு. அதைப் பார்க்கத்தான் கேரளம் வருகிறோம். வயதான கிடாவைச் சட்டென்று கண்டுபிடிக்கலாம்: உடம்பெல்லாம் கரும்பழுப்பு, முதுகில் மட்டும் வெளிறிய திட்டு. சாலையோரமே நின்று மேயும். சீப்புச் சீடைப் பொட்டலத்தை அதன் முன்னால் பிரிக்காதீர்கள்.

இந்தப் புல்வெளி பிழைத்த கதை வேடிக்கையானது. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளை மன்றோ என்ற ஆங்கிலேயர் குத்தகைக்கு வாங்கினார். காடழித்துத் தேயிலை வைத்தார்கள். உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். இரவிகுளத்தை மட்டும் துரைமார்கள் தங்கள் வேட்டைக்கென்று ஒதுக்கிக்கொண்டார்கள். முதுவர் பழங்குடியினர் வழிகாட்டினார்கள், காவலும் பார்த்தார்கள். சுடுவதற்காக ஒதுக்கிய இடத்தில்தான் ஆடு தப்பித்தது! 1971இல் அரசு நிலத்தை மீட்டது. 1975இல் சரணாலயம், 1978இல் தேசியப் பூங்கா. பரப்பு 97 சதுர கிலோமீட்டர்.

நீலக்குறிஞ்சிக்காகவே வருவதென்றால் 2030 வரை பொறுக்க வேண்டும். கடைசியாக மொத்தமாகப் பூத்தது 2018இல். ஆவணி, புரட்டாசிதான் அதற்குப் பருவம். மழையும் இருக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள்.