குடும்பப் படகை ஸ்லாலத்துக்குத் தயார் செய்வது எப்படி?

எங்கள் படகு எல்லா வேலைக்கும் என்று வாங்கியது. டியூப் இழுக்கும், வேக்போர்டு இழுக்கும், எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு ஊர்வலமும் போகும். போன பருவத்தில் என் மகள் ஸ்லாலம், அதாவது படகு இழுக்க ஒற்றை ஸ்கீயில் மிதவைகளைச் சுற்றும் விளையாட்டு, ஆட ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறை படகின் அலையைத் தாண்டும்போதும் அவள் முழங்கால் தூக்கிப் போடப்படுவதைப் பின்சீட்டிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். மெதுவான வேகமும் நீளமான கயிறும்தான் கற்றுக்கொள்பவர்களுக்கு. அந்த வேகத்தில்தான் அலையும் உயரமாக எழும். நன்றாக ஆடத் தெரிந்தவர்கள் 58 கி.மீ. வேகத்தில் தாண்டும் அலையைவிட, 46-ல் போகும் குழந்தை தாண்டுவது பெரிய மேடு. இது எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இத்தனை வேலையும்.

ஒற்றை ஸ்கீயில் நிற்பதும், படகு ஓட்டுவதும், டிரெய்லரில் ஏற்றி இறக்குவதும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். ஸ்லாலம் பாதையின் கணக்கு மட்டும் நினைவில் இருக்கட்டும்: நீளம் 259 மீட்டர், சுற்ற வேண்டிய மிதவைகள் 6, ஒவ்வொன்றும் நடுக்கோட்டிலிருந்து 11.5 மீட்டர் தள்ளி. படகு நடுக்கோட்டை விட்டு விலகக் கூடாது, வேகம் மாறக் கூடாது, அலை சின்னதாக இருக்க வேண்டும். படகிடம் நாம் கேட்பது இந்த மூன்றும்தான்.

படி 1: எடையை இறக்குங்கள்

காசு செலவில்லாத படி இது, பலனும் இதில்தான் அதிகம். வேக்போர்டுக்கு அலை பெரிதாக வேண்டும் என்பதற்காகவே பாலாஸ்ட் டேங்குகளில் தண்ணீர் நிரப்புகிறோம். ஸ்லாலத்துக்கு அதற்கு நேர் எதிர். டேங்கை காலி செய்ததாக மீட்டர் காட்டினாலும் நம்ப வேண்டாம். எங்கள் படகில் மீட்டர் பூஜ்யம் காட்டிய பிறகு, கரையில் டிரெய்லரைச் சற்று சாய்த்து நிறுத்தி மூடியைத் திறந்தேன். ஒரு வாளி நிறையத் தண்ணீர் வந்தது, அப்புறம் இன்னொரு வாளி. அடித்தளத்தில் தேங்கும் பில்ஜ் தண்ணீரையும் பம்பு போட்டு வெளியேற்றுங்கள். நங்கூரம், கூடுதல் போர்டுகள், ஐஸ் பெட்டி எல்லாம் கரையில் இருக்கட்டும். லைஃப் ஜாக்கெட்டும் தீயணைப்பானும் மட்டும் எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது.

அடுத்தது சமநிலை. ஓட்டுநர் ஒரு பக்கம் இருந்தால், ஸ்கீயரைக் கவனித்துக்கொள்ளும் பார்வையாளர் மறுபக்கம் உட்கார வேண்டும். படகு ஒரு பக்கம் சாய்ந்து போனால் ஒரு பக்கத்து அலை மென்மையாகவும் மறுபக்கத்து அலை கெட்டியாகவும் இருக்கும். ஸ்கீயர் இடது பக்கம் மட்டும் தடுமாறினால் அவரைத் திருத்துவதற்கு முன்பு படகு சாய்கிறதா என்று பாருங்கள். எடையை நகர்த்திப் பார்க்க நான் 20 லிட்டர் தண்ணீர் கேன்கள் வைத்திருக்கிறேன். ஒரு கேன் 20 கிலோ, கணக்கு சுலபம். பெல்ட் போட்டுக் கட்டாமல் வைக்காதீர்கள், திருப்பத்தில் உருளும்.

பின்சீட்டு எடையைக் கொஞ்சம் முன்னால் கொண்டுபோனால் அலை தாழும். ஆனால் அளவு மீறினால் முன்முனை தண்ணீரில் புதையும், ஸ்டீயரிங் துள்ளும். ஒரு தடவைக்கு ஒரு கேன்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் பின்னால் ஒரு ஓட்டம், ஒரு வீடியோ. இரண்டை ஒன்றாக மாற்றினால் எது வேலை செய்தது என்றே தெரியாது.

படி 2: கயிறு கட்டும் இடம்

டவரில், அதாவது வேக்போர்டுக்காகப் படகின் மேலே நிற்கும் உயரமான சட்டத்தில், கட்டாதீர்கள். உயரத்திலிருந்து பக்கவாட்டில் இழுத்தால் படகு சாயும். படகின் பின்விளிம்பில் உள்ள வளையமும் ஸ்லாலத்துக்கு உதவாது. ஸ்கீயர் வலப்பக்கம் இழுக்கும்போது படகின் வால் வலமாக நகரும், மூக்கு இடமாகத் திரும்பும், ஓட்டுநர் ஓயாமல் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். படகின் நடுவில், தாழ்வாக ஒரு பைலான், அதாவது கயிறு கட்டும் கம்பம், வேண்டும். உங்கள் படகில் பைலானுக்கு இடம் விட்டிருந்தால் அதிர்ஷ்டம், வாங்கிப் பொருத்துங்கள். இல்லையென்றால் தரையின் பலகையில் மட்டும் ஸ்க்ரூ போட்டு நிறுத்தும் வேலையை யார் சொன்னாலும் செய்யாதீர்கள். அடியில் ஓடும் நெடுக்குச் சட்டங்களோடு போல்ட்டு போட்டுப் பிணைக்க வேண்டும். முழு வேகத்தில் ஒரு ஆள் தன் எடையைவிடக் கூடுதல் பலத்தோடு இழுக்கும் கம்பம் அது, பிடுங்கிக்கொண்டால் உள்ளே இருப்பவர்களுக்குத்தான் அடி. இந்த ஒரு வேலையை மட்டும் படகு கட்டுபவரிடம் கொடுங்கள்.

படி 3: ப்ரொப்பெல்லர்

பிட்ச் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் கணக்குப்படி முன்னேறும் தூரம். வேக்போர்டு படகுகளில் பெரும்பாலும் கனமான சுமையை இழுக்கும் குறைந்த பிட்ச் ப்ரொப்பெல்லர் இருக்கும். சுமையை இறக்கிய பிறகு அதே வேகத்துக்கு இன்ஜின் தேவையில்லாமல் கத்தும். ஒரு அங்குலம் பிட்ச் கூட்டினால் ஏறக்குறைய 150 முதல் 200 ஆர்பிஎம் குறையும். அதற்கு மேல் பேராசைப்படாதீர்கள். ஸ்கீயர் இழுக்கும்போது இன்ஜின் உடனே பதில் சொல்ல வேண்டும், பிட்ச் ஏறினால் அது மந்தமாகும். என் விருப்பம் நான்கு இதழ் ப்ரொப்பெல்லர். அதிர்வு குறைவு, ஓட்டத்தில் ஒரு நிதானம் தெரியும்.

நான் மாட்டிக்கொண்டது இந்தப் படியில்தான். ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட் நேராக வெளியே வரும் இன்போர்டு படகில் ஷாஃப்ட்டின் நுனி கூம்பு வடிவில், அதாவது டேப்பராக இருக்கும். கழற்றும்போது சுத்தியல் வேண்டாம், புல்லர் கருவிதான் வேண்டும். சாவியை எடுத்து, பேட்டரியைத் துண்டித்துவிட்டு, நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னை உருவி, நட்டைத் தளர்த்துங்கள். முழுவதும் கழற்றாமல் இரண்டு மூன்று மரை விட்டு வையுங்கள். புல்லர் இறுக இறுக ஒரு கட்டத்தில் ‘டப்’ என்று ப்ரொப்பெல்லர் விடுபடும். அந்த நட்டு இல்லாவிட்டால் காலில் விழும்.

புதியதை மாட்டினேன், நட்டை இறுக்கினேன், தண்ணீரில் இறக்கினேன். 3,000 ஆர்பிஎம் தொட்டதும் தரையே நடுங்கியது. ப்ரொப்பெல்லர் கோணலாக வந்திருக்கிறது என்று முடிவு கட்டித் திருப்பி அனுப்பினேன். பழுதில்லை என்று அப்படியே திரும்பி வந்தது. தப்பு மாட்டிய விதத்தில் இருந்தது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டில் வழுக்காமல் பிடிக்கும் சிறு உலோகக் கட்டைதான் கீ. ஷாஃப்ட்டில் அது உட்காரும் பள்ளத்தின் முன்முனை வளைந்து மேலேறும். ப்ரொப்பெல்லரைத் தள்ளும்போது கீயும் கூடவே முன்னால் நகர்ந்து அந்த வளைவில் ஏறிக்கொண்டது. ப்ரொப்பெல்லர் டேப்பரில் உட்காராமல் கீயின் முதுகில் உட்கார்ந்திருந்தது.

இதைத் தவிர்க்க வழி இருக்கிறது. டேப்பரைச் சுத்தமாகத் துடையுங்கள். கிரீஸ் தடவ வேண்டாம். முதலில் கீ இல்லாமல் ப்ரொப்பெல்லரைக் கையால் அழுத்தி ஏற்றி, அதன் முன்விளிம்பு நிற்கும் இடத்தில் ஷாஃப்ட்டில் மார்க்கரால் கோடு போடுங்கள். பிறகு கழற்றி, கீயை வைத்து மறுபடி ஏற்றுங்கள். விளிம்பு அதே கோட்டுக்கு வர வேண்டும். எனக்கு இரண்டு மில்லிமீட்டர் முன்னதாகவே நின்றுவிட்டது. கீயைக் கொஞ்சம் பின்னால் தள்ளி வைத்து, மேல்பக்கத்தை உப்புத்தாளில் லேசாகத் தேய்த்தேன். பக்கவாட்டில் தேய்க்கவே கூடாது, அங்கே இறுக்கம் வேண்டும். நாலாவது முயற்சியில் கோடு சேர்ந்தது. நட்டை உங்கள் படகின் கையேட்டில் சொன்ன அளவுக்கு இறுக்கி, புதுக் காட்டர் பின் போடுங்கள். பழையதை நிமிர்த்திப் போடாதீர்கள். முதல் நாள் ஓட்டம் முடிந்ததும் இறுக்கத்தை ஒரு தடவை சரிபாருங்கள்.

படி 4: சுக்கான்

படகு நேராகப் போகவில்லை என்றால் பலர் சுக்கானைத் தேய்க்கக் கிளம்புகிறார்கள். அதற்கு முன்பு இன்னொருவரை ஸ்டீயரிங்கை மெல்ல இருபுறமும் அசைக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் சுக்கானில் கை வைத்துப் பாருங்கள். சக்கரம் அசைந்து சுக்கான் அசையாத இடைவெளி இருந்தால் கோளாறு கேபிளிலோ இணைப்பு போல்ட்டிலோ இருக்கிறது. அடியில் உள்ள துடுப்புத் தகடுகள் வளைந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள்.

படி 5: வேகம்

கையால் வேகத்தைப் பிடிக்க முடியும் என்று நானும் நம்பியிருந்தேன். 259 மீட்டரை 58 கி.மீ. வேகத்தில் கடக்க 16.08 நொடி, 55-ல் 16.95, 46-ல் 20.27. ஸ்டாப்வாட்சில் கணக்கு சரியாகவே வரும். ஆனால் அது சராசரி மட்டுமே. ஸ்கீயர் இழுக்கும்போது படகு தளர்ந்து, திரும்பும்போது பாய்ந்தாலும் கடைசியில் அதே நொடிதான் வரும். பின்னால் இருப்பவருக்கு அது வேறு படகு மாதிரி இருக்கும்.

எனவே வேகக் கட்டுப்பாட்டுக் கருவி போடுங்கள். கேபிள் த்ராட்டில் உள்ள பழைய இன்ஜினுக்கு பெர்ஃபெக்ட்பாஸ் ஸ்டார்கேஸர் மாதிரி சர்வோ மோட்டார் வைத்தது பொருந்தும். மின்னணு த்ராட்டில் என்றால் ஜீரோ ஆஃப். ஆர்பிஎம் பார்த்து ஓட்டும் கருவியைவிட ஜிபிஎஸ் கருவிதான் என் தேர்வு. படகில் ஆள் கூடினால் குறைந்தால் ஆர்பிஎம் கணக்கு மாறிவிடும், ஜிபிஎஸ்ஸுக்கு அந்தக் கவலை இல்லை. பொருத்தியதும் பாதையை இரு திசையிலும் ஓட்டி நேரம் பாருங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவர், தன் படகில் ஷாஃப்ட்டில் டேப்பரும் இல்லை, கீயும் இல்லை என்று கேட்டார். அவருடையது ஸ்டெர்ன்டிரைவ், அதாவது இன்ஜின் படகுக்குள்ளும் ப்ரொப்பெல்லரைச் சுழற்றும் டிரைவ் பின்னால் வெளியேயும் இருக்கும் வகை. அதிலும் அவுட்போர்டிலும் பல்வரிசை உள்ள ஷாஃப்ட், மூன்றாம் படியின் கோடு போடும் வேலை தேவையில்லை, அங்கே கிரீஸ் கட்டாயம் தடவ வேண்டும். இழுக்கும்போது டிரைவை முழுக்கக் கீழே இறக்கி வையுங்கள், மூக்கு தாழும், அலையும் தாழும்.

இன்னொருவருக்கு எல்லாம் செய்தும் கயிற்றை 16 மீட்டருக்குக் குறைத்ததும் நடுவில் ஒரு மேடு தட்டுகிறதாம். பல படகுகளில் அந்த நீளத்தில் அப்படி இருக்கும், மாட்டியதில் தப்பில்லை. 14.25-க்குப் போனால் ஸ்கீயர் அலையைக் கடக்கும் இடமே மாறிவிடும். அதுவரை ஒரு கேனை முன்னால் நகர்த்திப் பாருங்கள். எங்களுக்கு அதிலேயே பாதி குறைந்தது.