வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைக்க: தவணையைக் குறைக்காதீர்கள், காலத்தைக் குறையுங்கள்

சிங்கப்பூரில், செங்காங்கில் எங்கள் நான்கறை வீட்டுக்கு 2016இல் சாவி வாங்கினோம். வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் (வீவக) கடன் 250,000 வெள்ளி, 25 ஆண்டு, வட்டி 2.6 விழுக்காடு. மாதத் தவணை 1,134 வெள்ளி. முதல் மாதம் கட்டியதில் ஏறக்குறைய 542 வெள்ளி வட்டிக்கே போய்விட்டது. கடைசி வரை இப்படியே கட்டினால் வட்டி மட்டும் 90,000 வெள்ளிக்கு மேல். இந்தக் கணக்கை முதன்முதலாக எம்ஆர்டியில் உட்கார்ந்து கைப்பேசியில் போட்டுப் பார்த்தேன். நிமிர்ந்தபோது ரயில் பொங்கோலில் நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு கணக்கும் அன்றே போட்டேன். முதல் மாதத்திலிருந்தே 300 வெள்ளி கூடுதலாகக் கட்டியிருந்தால் கடன் 25 ஆண்டுக்குப் பதிலாக 18 ஆண்டு 4 மாதத்தில் முடிந்திருக்கும், வட்டியில் ஏறக்குறைய 26,000 வெள்ளி மிஞ்சியிருக்கும். அன்றிரவு மனைவியிடம் சொன்னேன். "முந்நூறு எங்கிருந்து வரும், அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள். நியாயமான கேள்வி. அதிலிருந்தே தொடங்குவோம்.

அரசு இணையச் சேவைகளில் நுழைவதற்கான சிங்பாஸ் எப்படித் திறப்பது, வீவக தளத்தில் கடன் இருப்பை எங்கே பார்ப்பது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: மூன்று மாதம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

செலவுக் கணக்குச் செயலிகள் நான்கைந்து இறக்கிப் பார்த்தேன். எதுவும் இரண்டு வாரம் தாண்டவில்லை. வண்ண வண்ணமாக வட்டப்படம் காட்டும், அவ்வளவுதான். எனக்குக் கடைசியில் ஒத்துவந்தது கூகல் ஷீட்டில் நான்கே கட்டங்கள்: தேதி, தொகை, எதற்கு, யார் செலவழித்தது. நான்காவது கட்டத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. அது சண்டை மூட்டும். மூன்றாம் மாதம் அதை நாங்களே அழித்துவிட்டோம்.

கோப்பி, டீ செலவை நிறுத்தினால் வீட்டுக் கடன் அடையும் என்று சொல்பவர்களை நம்பவேண்டாம். காப்பிக்கடையில் நான் குடிக்கும் கோப்பி என் கணக்கில் ஒரு மூலையில்தான் இருந்தது. எங்கள் வீட்டில் ஓட்டை வேறு இடங்களில்: வீட்டுக்கே வரவழைக்கும் சாப்பாடு மூன்று மாதத்தில் 412 வெள்ளி. இரண்டு கைப்பேசிகளுக்கும் ஈராண்டு ஒப்பந்தம். எல்லாவற்றுக்கும் மேலே, ஒவ்வொரு டிசம்பரும் பள்ளி விடுமுறையில் நாலு பேருக்குத் திருச்சி டிக்கெட். விலை உச்சத்தில் இருக்கும் அந்த இரண்டு வாரத்தில்தான் நாங்களும் போவோம். போனால் வெறுங்கையோடு போக முடியுமா? முஸ்தஃபா கடையில் நிறைக்கும் பெட்டிச் செலவு தனி.

படி 2: பெரிய மூன்றை மட்டும் தொடுங்கள்

சில்லறையைத் தேய்த்துக்கொண்டிருந்தால் வீட்டில் எல்லாருக்கும் முகம் சுருங்கும். நாங்கள் மூன்றே மாற்றம் செய்தோம். ஒப்பந்தம் முடிந்ததும் பழைய கைப்பேசிகளையே வைத்துக்கொண்டு சிம் மட்டும் உள்ள திட்டத்துக்கு மாறினோம். ஊர்ப் பயணத்தை இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை என்று ஆக்கினோம். (அம்மாவிடம் இதைச் சொன்ன தொலைபேசி அழைப்பைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.) வெளிச் சாப்பாடு வெள்ளிக்கிழமை இரவு மட்டும், அதுவும் உணவங்காடிக்கு நடந்து போய்.

பிள்ளைகளின் துணைப்பாட வகுப்பைத் தொடவில்லை. அதை வெட்டச் சொல்லும் நண்பர்களுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதும் பிள்ளை வீட்டில் இல்லை.

அரசு குடும்பங்களுக்குத் தரும் சிடிசி பற்றுச்சீட்டு வந்தால் ஒரு சின்ன வேலை செய்வேன். அதில் பாதியைப் பேரங்காடியில் செலவழிக்கலாம் அல்லவா? 300 வெள்ளி வந்தால் 150 வெள்ளிக்கு அரிசி, எண்ணெய், பால் மாவு. அன்றே என் கணக்கிலிருந்து அதே 150ஐக் கடனுக்கான சேமிப்புக் கணக்குக்கு மாற்றிவிடுவேன். மாற்றாவிட்டால் அது மிச்சமாகவே தெரியாது, வேறு எதிலோ கரைந்துவிடும்.

படி 3: பணத்துக்குத் தனி வீடு

கடனுக்கான சேமிப்பு சம்பளக் கணக்கில் இருக்கக்கூடாது. வேறு வங்கியில் ஒரு கணக்கு, அட்டை வேண்டாம், அந்தச் செயலியைக் கைப்பேசியிலும் வைக்காதீர்கள். சம்பளம் வந்த மறுநாள் தானாக மாறும்படி ஏற்பாடு செய்துவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சுவதை மாற்றலாம் என்று நானும் ஓராண்டு இருந்தேன். மாதக் கடைசியில் எதுவும் மிஞ்சாது.

முதலில் அந்தக் கணக்கில் ஆறு மாதக் குடும்பச் செலவு நிறையட்டும். அதற்கு மேல் சேர்வதுதான் கடனுக்கு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். வீட்டில் போட்ட பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுக்க முடியாது.

படி 4: ரொக்கமா, சிபிஎஃப்பா?

இங்கேதான் எல்லாரும் குழம்புவார்கள், கொஞ்சம் மெதுவாகப் போகலாம். சிபிஎஃப் என்பது மத்திய சேமநிதி, சம்பளத்திலிருந்து கட்டாயமாகப் பிடிக்கும் சேமிப்பு. அதன் சாதாரணக் கணக்கிலிருந்து வீட்டுக் கடனைக் கட்டலாம்.

வீவக கடன் வட்டி, சிபிஎஃப் சாதாரணக் கணக்கின் வட்டியைவிட 0.1 விழுக்காடு மட்டுமே அதிகம். அங்கே 2.5, இங்கே 2.6. ஆக, சாதாரணக் கணக்கிலிருந்து 10,000 வெள்ளியை எடுத்துக் கடனில் போட்டால் ஆண்டுக்கு உங்களுக்கு லாபம் பத்து வெள்ளி. இரண்டு தட்டு கோழிச் சோறு.

அதோடு, சிபிஎஃப் இருப்பில் முதல் 60,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு கூடுதல் வட்டி உண்டு. அதில் சாதாரணக் கணக்கின் 20,000 வெள்ளி வரை சேரும். அந்த 20,000க்கு மொத்தம் 3.5 விழுக்காடு கிடைக்கிறது. 3.5 தரும் பணத்தை எடுத்து 2.6 கடனை அடைப்பது எந்தக் கணக்கிலும் உதைக்கும். வேலை போனால் அந்த 20,000 வெள்ளி எங்கள் தவணையைப் பதினேழு மாதம் தாங்கும் என்பதையும் மறக்கவேண்டாம்.

வீட்டை விற்கும்போது சிபிஎஃப்பிலிருந்து எடுத்த தொகையையும், அது அங்கேயே இருந்திருந்தால் சேர்ந்திருக்கும் வட்டியையும் திரும்ப உங்கள் சிபிஎஃப் கணக்கிலேயே போடவேண்டும். பணம் எங்கும் போய்விடாது, ஆனால் கையில் வரும் ரொக்கம் குறையும். "வீட்டை நல்ல விலைக்கு வித்தும் கையில ஒன்னும் நிக்கலையே" என்று புலம்புவோர் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுக்காதவர்கள்.

அதனால் என் முடிவு: முன்கூட்டி அடைப்பது ரொக்கத்தில் மட்டும். சாதாரணக் கணக்கில் 20,000 எப்போதும் இருக்கும்.

படி 5: கட்டும் நாள் (நான் சறுக்கியது இங்கேதான்)

2022இல் கடன் இருப்பு ஏறக்குறைய 203,900 வெள்ளி. மீதம் 228 மாதம். மூன்று ஆண்டாகச் சேர்த்த 20,000 வெள்ளியை மொத்தமாகக் கட்டினேன். வீவக கடனுக்கு முன்கூட்டி அடைத்தால் அபராதம் இல்லை. அன்று மாலை தேக்காவில் பிரியாணி வாங்கிக் கொண்டாடினோம்.

என் தவணையில் 1,000 வெள்ளி சிபிஎஃப்பிலிருந்தும் மீதி 134 வெள்ளி ஜைரோ மூலம், அதாவது மாதாமாதம் தானாகவே, வங்கிக் கணக்கிலிருந்தும் போகும். ஏழு மாதம் கழித்து ஏதோ வேலையாக வங்கி அறிக்கையைப் பார்த்தால், 134 போகவேண்டிய இடத்தில் 23 வெள்ளி போயிருக்கிறது. முதலில் எனக்குப் புரியவே இல்லை. நான் கட்டிய 20,000க்கு ஏற்பத் தவணை 1,023 ஆகக் குறைந்திருந்தது. காலம் அப்படியே, 228 மாதம். காலத்தைக் குறைக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை, மொத்தமாகக் கட்டினால் கடன் தானாகச் சீக்கிரம் முடியும் என்று நினைத்துக்கொண்டேன். மாதம் 111 வெள்ளி குறைந்ததும் தெரியவில்லை, அந்த 111 எங்கே போனது என்றும் தெரியவில்லை.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அதே 20,000 வெள்ளி. தவணை 1,023 ஆகக் குறைந்து காலம் மாறாவிட்டால், கடன் முடியும்வரை வட்டியில் மிச்சமாவது ஏறக்குறைய 5,400 வெள்ளி. தவணை 1,134 ஆகவே தொடர்ந்தால் கடன் 228க்குப் பதில் 200 மாதத்தில் முடியும், மிச்சம் ஏறக்குறைய 11,800 வெள்ளி. இருபத்தெட்டு மாதம்! இரண்டு ஆண்டுக்கு மேல் தவணையே இல்லை.

எனவே பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள்: "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறைக்க என்ன செய்யவேண்டும்?" எழுத்தில் கேட்டால் இன்னும் நல்லது. கட்டிய மறு மாதம் இரண்டு எண்களைச் சரிபாருங்கள், தவணைத் தொகை ஒன்று, கடன் முடியும் மாதம் ஒன்று. நான் பிறகு கேட்டுத் தவணையைப் பழையபடி உயர்த்திக்கொண்டேன். ஏழு மாதத்தில் கரைந்தது 777 வெள்ளிதான். ஆனால் அந்த அறிக்கையைப் பார்க்காமல் விட்டிருந்தால் இன்றைக்கும் 23 வெள்ளிதான் போய்க்கொண்டிருக்கும்.

சின்னச் சிக்கல் இன்னொன்று: வங்கிச் செயலியில் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் மாற்றலாம் என்ற வரம்பு இருக்கும். அதை முந்தைய நாளே உயர்த்தி வையுங்கள். நான் மதிய உணவு நேரத்தில் அலுவலகப் படிக்கட்டில் நின்றுகொண்டு மூன்று முறை முயன்றேன்.

படி 6: அடுத்த தொகை சேரும்வரை

2019 முதல் 2022 வரை என் பணம் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் சும்மா கிடந்தது. வட்டி என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, கடனுக்கோ 2.6 ஓடிக்கொண்டிருந்தது. பெரிய தொகையாகச் சேர்த்துத்தான் கட்டவேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானாக நினைத்துக்கொண்டது. ஆண்டுக்கு ஒரு முறை போனஸ் வந்ததும் கட்டியிருக்கலாம்.

இப்போது நான் பார்ப்பது ஒன்றே ஒன்று. ஆபத்தில்லாத இடத்தில் 2.6க்கு மேல் கிடைக்கிறதா? கிடைத்தால் பணம் அங்கே இருக்கும், இல்லாவிட்டால் கடனுக்குப் போகும். 2022 இறுதியில் அரசின் ஆறு மாதக் கருவூலப் பத்திரத்துக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் கிடைத்தது. அப்போது கடனை அவசரமாக அடைத்திருந்தால் முட்டாள்தனம். எனக்குப் பிடித்தது அரசு வெளியிடும் சிங்கப்பூர் சேமிப்புப் பத்திரம். 500 வெள்ளியிலிருந்து வாங்கலாம், விண்ணப்பத்துக்கு 2 வெள்ளி கட்டணம், எந்த மாதமும் அபராதமில்லாமல் திரும்பப் பெறலாம். ஆனால் கேட்ட அன்றே பணம் வராது, அடுத்த மாதத் தொடக்கத்தில்தான் வரும். கடன் கட்டும் தேதியை அதற்கேற்பத் திட்டமிடுங்கள்.

பங்குச் சந்தையில் போட்டால் இதைவிட அதிகம் வருமே என்று என் மைத்துனர் ஒவ்வொரு தீபாவளிக்கும் சொல்வார். வரலாம். எனக்கு இரவில் தூக்கம் வேண்டும்.

பின்சேர்க்கை: வங்கிக் கடன் உள்ளவர்களுக்கு

இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே கேள்வி கேட்டார்கள். வீவக கடனை விட்டு வங்கிக்கு மாறிவிட்டோம், நாங்களும் இப்படிக் கட்டலாமா? கட்டலாம், ஆனால் முதலில் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். வங்கிக் கடனில் முதல் இரண்டு மூன்று ஆண்டுகள் பூட்டுக்காலம் இருக்கும். அதற்குள் முன்கூட்டி அடைத்தால் அடைக்கும் தொகையில் 1.5 விழுக்காடு அபராதம் என்பது வழக்கமாகக் காணும் அளவு. 20,000க்கு 300 வெள்ளி. சில திட்டங்களில் ஒரு பகுதியை அபராதமின்றி அடைக்க இடமுண்டு. பூட்டுக்காலம் முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வைத்து, அந்த வாரத்தில் கட்டுவது என் யோசனை.

இன்னும் வீவக கடனிலேயே இருப்பவர்களுக்கு: வங்கி வட்டி குறைந்திருக்கிறது என்று மாறினால் அந்த வீட்டுக்கு மறுபடி வீவக கடனுக்குத் திரும்ப முடியாது. 2021இல் ஒரு விழுக்காட்டுச் சொச்ச வட்டிக்கு ஆசைப்பட்டு மாறிய என் நண்பர், அடுத்த ஆண்டுகளில் வட்டி 4ஐத் தாண்டியபோது மாதாமாதம் எனக்குத் தொலைபேசி அடித்தார்.

இன்னொரு பின்சேர்க்கை

தவணையையே நிரந்தரமாக உயர்த்திக்கொள்ளலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். தாராளமாக. ஒழுங்காகச் சேமிக்க வராதவர்களுக்கு அதுவே மேல், பணம் கையில் தங்காது. நான் ஏன் செய்யவில்லை என்றால், பெரியவள் அடுத்த ஆண்டு உயர்நிலைப் பள்ளிக்குப் போகிறாள், எந்த மாதம் எவ்வளவு தேவைப்படும் என்று தெரியவில்லை. வரும் போனஸில் 6,000 கட்டுவதாக இருக்கிறேன். வரம்பை முந்தைய நாளே உயர்த்திவிடுவேன்.