ஈரம் ஏறிய நாய்ப் படுக்கை: என் அனுபவம்

ராமேஸ்வரத்துக்கு அருகிலுள்ள கடலோர ஊரான மண்டபத்தில் ஐப்பசி தொடங்கி மார்கழி முடியும் வரை எங்கள் வீட்டின் சிமெண்ட் தரை காய்வதே இல்லை. அதில் விரித்த சாக்கின் மேல் படுத்த இரண்டு சிறு நாய்களும் விடியற்காலையில் நடுங்கியதுடன், விரலிடுக்குகள் சிவக்கும்வரை பாதங்களை நக்கிக்கொண்டே இருந்தன.

முதலில் படுக்கையை உயர்த்தினேன்: செங்கற்களின் மேல் ஒரு பலகை, அதன் மேல் பனையோலைப் பாய், பாயின் மேல் பழைய பருத்திச் சேலை. அடியில் காற்று ஓடியதால் தரையின் குளிர் ஏறவில்லை. ஆனால் வெயிலில் உலர்த்திய சேலை இரவில் மீண்டும் பிசுபிசுத்தது. கடற்காற்றோடு வரும் உப்பு துணியில் படிந்து ஈரத்தை இழுப்பதே இதற்குக் காரணம் என்பதால், கடலைப் பார்த்த கொடியை விட்டுவிட்டு, நல்ல தண்ணீரில் அலசிய சேலையை அடுப்படிக்குள் உலர்த்தத் தொடங்கினேன். பலகையைவிட இதுவே அதிகம் உதவியது என்பது என் கணிப்பு. குடிநீரையே விலைக்கு வாங்கும் ஊரில் நாய்ச் சேலைக்கு நல்ல தண்ணீரா என்று மாமியார் கேட்டதும் நியாயமே.

கரையில் உலாத்தித் திரும்பியதும் பாதங்களை அலசி, விரலிடுக்கு மணலை எடுத்து, துணியால் ஒற்றுகிறேன். நாயின் இயல்பான உடல்வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட் வரை இருக்கும் என்பதால், தொட்டால் சுடுவதைக் காய்ச்சல் என்று எண்ண வேண்டியதில்லை. சிவப்பு ஆறாத சின்னவளின் முன்காலுக்கு மட்டும் கால்நடை மருத்துவர் களிம்பு தந்தார்.