மோவசிர் சாந்தோஸின் ‘கோய்சாஸ்’: கேட்கும்போது தவிர்க்க வேண்டியவை

பிரேசில் ஜாஸ் பக்கம் புதிதாக எட்டிப்பார்ப்பவர்களுக்கு நான் முதலில் கைகாட்டுவது பிரேசில் இசையமைப்பாளர் மோவசிர் சாந்தோஸின் ‘கோய்சாஸ்’. 1965இல் வந்த ஆல்பம், பத்து உருப்படிகள், பாட்டு கிடையாது, வாத்தியம் மட்டும். கேட்டுவிட்டு வருபவர்களில் பலர் அதே சில இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். ‘ஒரு தடவை கேட்டு முடிவு கட்டாதே’ போன்ற புத்திமதிகள் எல்லோருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன்.

போசா நோவா என்று நினைத்து ஓடவிடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். போசா நோவா என்பது மென்மையாக ஓடும் பிரேசில் இசைப் பாணி. பிரேசில், ரியோ, அறுபதுகள் என்று காதில் விழுந்தால் போதும், ஆல்பம் நேரே ‘மாலைநேர போசா நோவா’ பட்டியலில் போய் உட்கார்ந்துவிடும். நண்பரின் மகன் ஒருவன் இதை போன் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு தோசை சுட்டிருக்கிறான். “நல்லாத்தான் இருக்கு மாமா, ஹோட்டல் லாபில போடுவாங்களே, அது மாதிரி” என்றான். லாபியாம்!

அவனைச் சொல்லியும் குற்றமில்லை. இந்த இசை அடியிலிருந்து மேலே கட்டப்பட்டது. கனத்த அடிக்குரல் ஊதுவாத்தியங்களான பாரிடோன் சாக்ஸபோனும் பேஸ் டிராம்போனும்தான் அஸ்திவாரம். பாரிடோன் சாக்ஸின் அடி ஸ்வரம் ஏறக்குறைய 70 ஹெர்ட்ஸில் இருக்கிறது. போன் ஸ்பீக்கரோ 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே போனாலே திணறும். அஸ்திவாரத்தை உருவிவிட்டால் மிஞ்சுவது புல்லாங்குழலும், உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வைப்ரஃபோனும்தான். அப்புறம் லாபி மாதிரித்தானே கேட்கும்?

சாந்தோஸ் வந்த வழியும் வேறு. 1926இல் பிரேசிலின் வடகிழக்கே உள்ள பெர்னாம்புகோ மாநிலத்தின் உட்பகுதியில் பிறந்தார். சிறுவயதிலேயே தாயை இழந்து, ஊர் பேண்டு வாத்தியக் குழுவில் தொழில் பழகினார். 1948இல் ரியோவுக்கு வந்து ரேடியோ நேசியோனல் வானொலி நிலையத்தில் சாக்ஸ் வாசித்தார், பிறகு அங்கேயே இசைக்குழுவை நடத்தினார். ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறிய இசையமைப்பாளர் கோல்ராய்ட்டரிடம் நவீன இசையமைப்பு கற்றார். கிட்டார் கலைஞர் பேடன் பவெல், பாடகி நாரா லியாவ் எல்லாம் சாந்தோஸிடம் படித்தவர்கள். மாணவர்களை உலகம் அறிந்த அளவுக்கு வாத்தியாரை அறியவில்லை. ஊர் பேண்டின் பித்தளைக் கனம், ஆப்பிரிக்க வழிவந்த தாளங்கள், பாடம் படித்த கை, இந்த மூன்றும் ஒன்றாகக் கூடியதுதான் ‘கோய்சாஸ்’.

அந்தப் பையனை ஹெட்ஃபோனோடு உட்காரவைத்து முதல் உருப்படியான ‘கோய்சா எண் 4’ஐப் போட்டேன். மேலே போகும் மெட்டைக் கவனிக்காதே, கீழே திரும்பத் திரும்பச் சுழலும் அந்தச் சின்னத் துணுக்கை மட்டும் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள் என்றேன். அடுத்த முறை, அதன்மேல் ஒவ்வொரு குழலாக எங்கே வந்து ஏறுகிறது என்று பார்க்கச் சொன்னேன். முடிந்ததும், “இதைக் கேட்டுக்கிட்டு தோசை சுட முடியாது மாமா” என்றான். சரி, வழிக்கு வந்துவிட்டான்.

எண் வரிசைப்படி அடுக்குவது

வேண்டாம். உருப்படிகளுக்குப் பெயரே ‘கோய்சா எண் 1’ முதல் ‘எண் 10’ வரைதான், ஆனால் தட்டில் இருப்பது 4, 10, 5 என்று போகும் வரிசை. அப்படியே கேளுங்கள்.

‘நனா’வோடு திரும்பிவிடுவது

தட்டில் மூன்றாவதாக வரும் ஐந்தாம் எண்தான் புகழ்பெற்ற ‘நனா’. ஆல்பம் வருவதற்கு முந்தைய வருடமே நாரா லியாவும் பாடகர் வில்சன் சிமோனலும் அதைப் பதிவுசெய்துவிட்டார்கள். தெரிந்த மெட்டைக் கேட்ட திருப்தியில் பலர் அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். மீதி ஏழு உருப்படிகள் அதற்குப் பிறகுதான் இருக்கின்றன.

அமெரிக்க ரெக்கார்டுகளோடு ஒப்பிடுவது

சாந்தோஸ் 1967இல் அமெரிக்கா போய், எழுபதுகளில் புளூ நோட் என்ற ஜாஸ் ரெக்கார்டு நிறுவனத்துக்கு மூன்று ஆல்பம் செய்தார். அது வேறு கணக்கு.

தெளிவான ஒலிக்காக 2001இலிருந்து தொடங்குவது

2001இல் இசைக்கலைஞர்கள் மாரியோ அட்னெட்டும் ஸே நொகெய்ராவும் சாந்தோஸின் இசைக்கோவைகளைப் பழைய பதிவுகளிலிருந்து காதால் கேட்டு எழுதி, ‘ஓரு நேக்ரு’ என்ற ஆல்பமாகப் புதிதாக வாசிக்கவைத்தார்கள். பெரிய வேலை, பிரமாதமான வாசிப்பு, ஒவ்வொரு குழலும் தனித்தனியாகக் கேட்கும். ஆனால் பழைய தட்டில் எல்லாம் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு வரும் முரட்டுத்தனம் அதில் இல்லை. முதலில் 1965, அப்புறம் 2001.