சான்றிதழின் அடியில் இருக்கும் அந்த ஒரு வரி: காப்புரிமைக் கட்டணத்தில் நேரும் தவறுகள்

காப்புரிமைச் சான்றிதழ் கைக்கு வந்ததும் பலர் செய்யும் முதல் வேலை, அதை ஃபிரேம் போட்டுச் சுவரில் மாட்டுவது. மாட்டட்டும், வருடக்கணக்கில் காத்திருந்து வாங்கியதுதானே. ஆனால் மாட்டுவதற்கு முன், அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள். இந்தக் காப்புரிமை தொடர வேண்டுமானால் புதுப்பிப்புக் கட்டணம் இன்ன தேதியில் கட்ட வேண்டும், அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் அதே தேதியில் கட்ட வேண்டும் என்று அதில் இருக்கும். பேட்டண்ட் ஏஜென்டாக நான் பார்த்த காலாவதிகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வரியைத் தப்பாகப் புரிந்துகொண்டதால் வந்தவை.

புரிதல் எங்கே பிசகுகிறது? காப்புரிமை கிடைத்த நாளிலிருந்துதான் வருடம் ஓடுகிறது என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. இந்தியச் சட்டத்தில் 20 ஆண்டும் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்தே ஓடுகிறது. பல நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விண்ணப்பம் போட உதவும் பிசிடி ஒப்பந்தம் வழியாக வந்த விண்ணப்பமென்றால் சர்வதேச விண்ணப்ப நாளிலிருந்து. முதல் இரண்டு ஆண்டுகளுக்குக் கட்டணம் கிடையாது. மூன்றாம் ஆண்டுக்கானதை இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கட்ட வேண்டும், நான்காம் ஆண்டுக்கானதை மூன்றாம் ஆண்டு முடிவதற்குள், இப்படியே போகும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 ஜூன் 2019 அன்று விண்ணப்பம். 20 ஆகஸ்ட் 2023 அன்று காப்புரிமை கிடைத்துப் பதிவேட்டில் ஏறுகிறது. விண்ணப்பம் நிலுவையில் இருந்த வரை கட்ட வேண்டியதில்லை. ஆனால் அதற்குள் 3, 4, 5-ஆம் ஆண்டுகளின் கட்டணம் சேர்ந்துவிட்டது. பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து மூன்று மாதத்துக்குள், அதாவது 20 நவம்பர் 2023-க்குள், மூன்றையும் சேர்த்துக் கட்ட வேண்டும். இதுவரை பலரும் சரியாகச் செய்துவிடுகிறார்கள். அடுத்த கெடுவில்தான் வழுக்கி விழுகிறார்கள். நவம்பரில் கட்டினோமே, இனி அடுத்த நவம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுகிறார்கள். 6-ஆம் ஆண்டுக் கட்டணத்தின் கெடு 10 ஜூன் 2024. கடைசியாகப் பணம் கட்டிய நாளுக்கும், காப்புரிமை கிடைத்த நாளுக்கும் அதோடு ஒரு சம்பந்தமும் இல்லை.

கெடு தவறினால் ஆறு மாத அவகாசம் உண்டு. படிவம் 4 போட்டு, மாதத்துக்கு இவ்வளவு என்று கூடுதலாகக் கட்டி வாங்கலாம். 'ஆறு மாசம் இருக்கே' என்று இதை நம்பி இருப்பது அடுத்த தவறு. தனிநபருக்கு 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை ஆண்டுக் கட்டணம் 800 ரூபாய். அவகாசத்துக்கு மாதம் 480 ரூபாய். ஆறு மாதமும் இழுத்தால் 2,880. கட்டணத்தைப்போல மூன்று மடங்குக்கும் மேல் அபராதமாகப் போகிறது.

அந்த அவகாசமும் போனால் காப்புரிமை நின்றுவிடும். எந்தத் தேதியில் நின்றதாகக் கணக்கு என்பதில் இன்னொரு குழி இருக்கிறது. அவகாசம் முடிந்த டிசம்பரில் அல்ல, முதல் கெடுவான ஜூன் 10-லேயே நின்றதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும். மீட்டெடுக்கப் படிவம் 15-ல் விண்ணப்பிக்க 18 மாதம் தருகிறார்கள். அதுவும் அந்த ஜூனிலிருந்தே ஓடுகிறது. அவகாச மாதங்கள் ஆறையும் கழித்தால் உண்மையில் கையில் இருப்பது 12 மாதம்தான்.

மீட்பு என்பது பணத்தைக் கட்டினால் முடிகிற வேலையும் அல்ல. வேண்டுமென்றே விடவில்லை, தெரிந்தபின் தாமதிக்கவும் இல்லை என்று ஆதாரத்தோடு காட்ட வேண்டும். மீட்பு விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியாகும். எதிர்ப்பவர்களுக்கு இரண்டு மாத வாய்ப்பு உண்டு. எல்லாம் தாண்டி மீண்டும் உயிர் வந்தாலும், உரிமை நின்ற நாளுக்கும் மீட்பு விண்ணப்பம் வெளியான நாளுக்கும் நடுவில் யாராவது உங்கள் கண்டுபிடிப்பைச் செய்து விற்றிருந்தால், அந்தக் காலத்து மீறலுக்கு வழக்குப் போட முடியாது. சட்டத்தின் 62-ஆம் பிரிவு அவர்களைக் காக்கிறது.

சில வருடம் முன்பு ஒரு பட்டறைக்காரர் என்னிடம் வந்தார். அவருடைய இயந்திரத்தை அப்படியே பார்த்துச் செய்து ஒருவர் விற்கிறார், நோட்டீஸ் அனுப்ப வேண்டும் என்றார். பதிவேட்டைத் திறந்தேன். உரிமை நின்று மூன்று வருடம் ஆகியிருந்தது. அவருக்கு முதலில் வேலை பார்த்த ஏஜென்ட் தொழிலையே விட்டுவிட்டார். அலுவலகப் பதிவில் இருந்த முகவரி அந்த ஏஜென்டுடையது. இவருக்கோ கட்டணம் யாரோ கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்ற நம்பிக்கை. விட்டுப்போன முதல் தொகை 800 ரூபாய். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அதனால் சொல்கிறேன், கட்டுவது யார் பொறுப்பு என்பதை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பம் முதல் சான்றிதழ் வரை என்று பேசிப் பணம் வாங்கிய ஏஜென்டுக்கு அதன்பின் நினைவூட்டும் கடமை இல்லாமல் போகலாம். காப்புரிமை அலுவலகம் கடிதம் போடும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம், கடிதம் வரவில்லை என்பதால் கெடு நீளாது. இரண்டு பேர் கூட்டாக வாங்கிய காப்புரிமையில் 'அவர் கட்டியிருப்பார்' என்று இருவருமே இருந்துவிடுவதும் நடக்கிறது. முகவரியோ ஏஜென்டோ மாறினால் உடனே அலுவலகத்தில் மாற்றுங்கள்.

பெரிய நிறுவனங்களுக்கு இது நடக்காது என்று நினைக்க வேண்டாம். எடைக் குறைப்புக்கும் சர்க்கரை நோய்க்கும் உலகமெங்கும் விற்கிற செமாக்ளுடைட் மருந்துக்கு நோவோ நார்டிஸ்க் கனடாவில் காப்புரிமை வைத்திருந்தது. ஆண்டுக் கட்டணம் கட்டப்படவில்லை. தாமதக் கட்டணத்தையும் சேர்த்து 450 கனடா டாலர் என்று 2019-ல் அங்குள்ள அலுவலகம் கடிதமும் அனுப்பியது. அப்போதும் கட்டப்படாமல் காப்புரிமை காலாவதியானது.

கனடாவைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டில் காப்புரிமை இருந்தால் இந்தியக் கணக்கை அங்கே பொருத்தாதீர்கள். அமெரிக்காவில் ஆண்டுதோறும் கட்டுவதில்லை, காப்புரிமை கிடைத்த நாளிலிருந்து மூன்றரை, ஏழரை, பதினொன்றரை ஆண்டுகளில் மூன்று தவணை. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போதே மூன்றாம் ஆண்டிலிருந்து கட்ட வேண்டும்.

தொகையிலும் தப்பு வரும். தனிநபர், ஸ்டார்ட்அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு 3 முதல் 6-ஆம் ஆண்டு வரை 800 ரூபாய், 7 முதல் 10 வரை 2,400, 11 முதல் 15 வரை 4,800, 16 முதல் 20 வரை 8,000. மற்றவர்களுக்கு ஒவ்வொன்றும் ஐந்து மடங்கு. இணையத்தில் இல்லாமல் காகித வழியில் கட்டினால் 10 சதவீதம் அதிகம். இருபது ஆண்டும் வைத்திருந்தால் தனிநபருக்கு மொத்தம் 76,800 ரூபாய், பெரிய நிறுவனத்துக்கு 3,84,000. ஆறாம் ஆண்டுவரை 800 கட்டிப் பழகியவர் ஏழாம் ஆண்டுக்கும் 800-ஐயே எடுத்துவைப்பதைப் பார்த்திருக்கிறேன். சலுகைக் கட்டணம் கட்டும் சிறு நிறுவனத்துக்குப் படிவம் 28-ம் உத்யம் பதிவுச் சான்றும் கோப்பில் இருக்க வேண்டும். தனிநபரோடு பெரிய கம்பெனியும் கூட்டு உரிமையாளராக இருந்தால் சலுகை கிடையாது.

கட்டும்போது காப்புரிமை எண், அதன் தேதி, எந்த ஆண்டுக்கான கட்டணம் என்ற மூன்றையும் குறிப்பிட வேண்டும். விண்ணப்ப எண்ணும் காப்புரிமை எண்ணும் வேறு வேறு. ஓர் இலக்கம் மாறினால் உங்கள் பணம் ஊர்பேர் தெரியாத ஒருவரின் காப்புரிமையில் போய் உட்காரும். வங்கிக் கணக்கில் பணம் கழிந்துவிட்டதை வைத்து நிம்மதியடையாமல், அலுவலகம் தரும் சிபிஆர் என்ற கட்டண ரசீதைச் சேமித்து, சில நாள் கழித்து இணையப் பதிவேட்டில் அந்த ஆண்டு ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அடுத்த கெடுவும் அங்கேயே தெரியும். சர்வதேச விண்ணப்பம் போட்டவர்களுக்கு அரசு முத்திரை மாதிரி அச்சிட்டுப் போலிப் பில்கள் வருவதுண்டு, உலக அறிவுசார் சொத்து அமைப்பான வைப்போவே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. அப்படி ஏதாவது வந்தால் ஏஜென்டிடம் காட்டாமல் பணம் அனுப்பாதீர்கள்.

வருடாவருடம் நினைவு வைத்துக்கொள்வது கஷ்டமென்றால் முன்கூட்டியே கட்ட வழி இருக்கிறது. 2024 மார்ச்சில் வந்த விதித் திருத்தத்தின்படி, குறைந்தது நான்கு ஆண்டுக் கட்டணத்தை இணையத்தில் முன்பணமாகக் கட்டினால் 10 சதவீதம் தள்ளுபடி. தள்ளுபடிக்காக இல்லாவிட்டாலும், நான்கு வருடத்துக்கு நான்கு கெடு குறைகிறதே என்பதற்காகவே சிறு கண்டுபிடிப்பாளர்களுக்கு நான் இதைத்தான் சொல்கிறேன். படிவம் 27 தனி வேலை. கண்டுபிடிப்பு பயன்பாட்டில் இருக்கிறதா என்று மூன்று நிதியாண்டுக்கு ஒருமுறை கொடுக்கும் அறிக்கை அது. அதைக் கொடுத்தால் கட்டணம் கட்டியதாகாது, கட்டணம் கட்டினால் அதைக் கொடுத்ததாகாது.

கடைசியாக, வீட்டில் யாருக்காவது சொல்லிவையுங்கள். காப்புரிமையும் சொத்துதான், வாரிசுகளுக்குப் போகும். ஆனால் கண்டுபிடித்தவர் மறைந்த ஆண்டிலும் அதே தேதியில் கெடு வரும், துக்க வீட்டில் அது யாருக்கும் நினைவிருக்காது. காப்புரிமை எண், விண்ணப்ப தேதி, எந்த ஆண்டுவரை கட்டியாயிற்று, அடுத்த கெடு என்று நான்கு வரி ஒரு தாளில் எழுதி, நிலப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள்.